நெக்ஸ்ட்கிளவுட் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

கிளவுட் விஎம் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் கணினி) ஒன்றில், நம் கோப்புகளை நாமே சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளை நிறுவித் தரும் வேலையை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தேன். லாகின் பக்கம் வந்தது, பூட்டுக் குறியோடு. கோப்புகள் ஏறின. "ரீபூட் பண்ணிக் காட்டட்டுமா சார்?" என்று அவரே கேட்டு, பண்ணியும் காட்டினார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வாரம் யாருக்கும் வேலை இல்லையே, வாடகையாவது மிச்சமாகட்டும் என்று கன்சோலில், அதாவது கிளவுட் நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தில் போய் விஎம்மை நிறுத்தி வைத்தேன். திரும்ப ஓட விட்டால், டேட்டா டைரக்டரி (கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) செல்லாது, அதில் '.ஓசிடேட்டா' (.ocdata) என்ற அடையாளக் கோப்பு இல்லை என்று பிழைச் செய்தி. அவரைக் கூப்பிட்டேன். ஐந்தே நிமிடம். "சரியாயிடுச்சு சார், பாருங்க."

பார்த்தேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

சில விஎம்களோடு தற்காலிக டிஸ்க் ஒன்று இலவச இணைப்பு மாதிரி வரும். ரீபூட்டுக்குத் தாங்கும், விஎம்மை முழுதாக நிறுத்தினால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். தனி டிஸ்க் வாங்காமல் டேட்டா டைரக்டரியை அதில் வைத்திருக்கிறார். கோப்புகளின் பட்டியலை வைத்திருக்கும் டேட்டாபேஸ் மட்டும் இயங்குதளம் இருக்கும் ஓஎஸ் டிஸ்க்கில், அதனால் பெயர்கள் தப்பின. தினசரி பேக்கப்பா? ஒருநாள் தவறாமல் ஓடியிருக்கிறது, அதே தற்காலிக டிஸ்க்குக்குள். இதுவரை அறியாமை என்று விட்டுவிடுவேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் செய்தது, '.ஓசிடேட்டா' என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கிப் பிழைச் செய்தியை மறைத்தது மட்டும்தான். அதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது ரீபூட் அல்ல. கன்சோலில் விஎம்மை முழுதாக நிறுத்தி, மறுபடி ஓட விட்டு, போட்ட கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டேட்டா டைரக்டரி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று 'டிஎஃப்' (df) கட்டளை ஒரே வரியில் சொல்லிவிடும். பேக்கப் வேறொரு விஎம்மில் மீண்டு வருகிறதா என்றும் பாருங்கள், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் இப்போது கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எல்லாக் கணினியிலும் சிங்க் கிளையண்டை (சர்வரில் இருப்பதையும் கணினியில் இருப்பதையும் ஒன்றுபோல வைக்கும் செயலியை) நிறுத்துங்கள். சர்வரில் கோப்பு இல்லை என்று தெரிந்தால், அது உங்கள் பக்கத்துப் பிரதியையும் அழித்துவிடும். என் பழைய லேப்டாப் ஒன்று மூடியே கிடந்தது. வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்தேன். முக்கால்வாசி அதிலிருந்துதான் கிடைத்தது. அவர் இப்போது போன் எடுப்பதில்லை.