யூனிட்டி ஸ்லைடர் ஜாயின்ட் 2டி: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன புதிர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். பக்கவாட்டுப் பார்வை, இரு பரிமாணம். ஓர் ஏரி, நாலைந்து மதகு, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதுதான் ஆட்டம். மதகுப் பலகை கல்தூணின் காடியில் மேலும் கீழும் ஓட வேண்டும், பக்கத்தில் நகரக்கூடாது, சாயக்கூடாது. அதற்குத்தான் கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில், பொருட்களை இணைக்கும் ஸ்லைடர் ஜாயின்ட் 2டியைப் பிடித்தேன். இரண்டு வருடத்தில் இரண்டு முறை அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் எடுத்து வந்திருக்கிறேன்.

இந்த ஜாயின்ட் ஒரு பொருளை ஒரே நேர்கோட்டில் மட்டும் நகரவிடும், சுழலவிடாது. யூனிட்டியின் 2டி இயற்பியலுக்கு அடியில் ஓடுவது எரின் காட்டோ எழுதிய பாக்ஸ்2டி என்ற இயற்பியல் நிரல் தொகுப்பு. அங்கே இதன் பெயர் பிரிஸ்மாட்டிக் ஜாயின்ட். சேர்ப்பது ஒரு நிமிட வேலை: பலகைக்கு ரிஜிட்பாடி (பொருளை இயற்பியலுக்கு உட்படுத்தும் பகுதி), அதன் மேல் ஜாயின்ட், கனெக்டட் ரிஜிட்பாடி என்ற கட்டத்தில் மதகின் சட்டம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வெட்டவெளியில் ஒரு புள்ளியோடு மாட்டிக்கொள்ளும். பாதி மதகுகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் மாதம் முழுக்க என்னைப் படுத்தியது கோணம். ஆட்டோ கன்ஃபிகர் ஆங்கிள் என்று ஒரு டிக் இருக்கிறது. அது போட்டிருந்தால், இரண்டு பொருளும் இருக்கும் இடத்தைப் பார்த்து ஜாயின்ட் தானே கோணத்தை முடிவு செய்துகொள்ளும். நான் பலகையைக் கையால் இழுத்து வைத்தபோது சட்டத்துக்கு நேர் மேலே வைக்கவில்லை. 3 அலகு உயரத்தில் 0.15 அலகு வலப்பக்கம் தள்ளி இருந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாது. ஆனால் கோணம் 90க்குப் பதில் 87 ஆகிவிட்டது. பலகை ஏற ஏற வலப்பக்கத் தூணில் உரசி, உச்சியில் சிக்கி நடுங்கும். உராய்வு என்று நினைத்து மெட்டீரியலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போதெல்லாம் ஜாயின்ட்டைச் சேர்த்த கையோடு அந்த டிக்கை எடுத்துவிட்டு 90 என்று நானே எழுதிவிடுகிறேன்.

ஜாயின்ட் மாட்டும் புள்ளியைத் தானே குறித்துக்கொள்ளும் ஆட்டோ கன்ஃபிகர் கனெக்டட் ஆங்கர் என்ற டிக்கும் இதே ரகம். பாதி திறந்த மதகைச் சேவ் செய்து, ஆட்டத்தை மறுபடி ஏற்றும்போது பலகையை அதே உயரத்தில் உருவாக்கினால், அந்த உயரத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பலகை எவ்வளவு ஏறலாம் என்று நான் வைத்த மேல் எல்லை அங்கிருந்து கணக்காகும். பலகை தூணைத் தாண்டி வானத்துக்குப் போகும். சேவ் வசதி வைக்கிறவர்கள் இதையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் மோட்டார். ஜாயின்ட்டுக்கு உயிர் வருவது இதனால்தான். வேகம் ஒன்று, அதிகபட்ச விசை ஒன்று, இரண்டே எண். விசையின் இயல்பு மதிப்பு 10000. அதை அப்படியே விட்டதால், பலகை மேல் நின்ற விவசாயியின் தலை உத்தரத்தில் இடித்தபோது பலகை நிற்கவே இல்லை. ஆளை நசுக்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் துப்பியது. பார்த்துச் சிரித்தேன், ஆனால் வெளியிட முடியாதே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகையின் நிறை 4, ஆள் 2, ஒரு கல் 3. ஈர்ப்பு 9.81. வெறும் பலகையைத் தாங்க 39 விசை போதும், ஆளோடு 59, கல்லையும் ஏற்றினால் 88. விசையை 65 என்று வைத்தேன். வெறும் பலகை சட்டென்று ஏறியது. ஆள் நின்றால் முதலில் திணறி, மெதுவாக வேகம் பிடித்தது. கல்லையும் வைத்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகை கீழே இறங்கி மதகு மூடிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரியே அதை வைத்து மூன்று புதிர் எழுதினேன். கேமில் எனக்குப் பிடித்த பகுதி இன்றைக்கும் அதுதான்.

நிரலில் எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது எடுத்தால் நகல்தான் கைக்கு வரும் தரவுக் கட்டு. அதை ஒரு மாறியில் எடுத்து, மாற்றி, திரும்ப ஜாயின்ட்டிடம் கொடுக்க வேண்டும். விசைக்கான பெயரும் அங்கே மேக்ஸ் மோட்டார் டார்க் என்றுதான் இருக்கும். சுழற்சியே இல்லாத ஜாயின்ட்டில் டார்க் (சுழற்றும் விசை) ஏன் என்று யோசிக்காதீர்கள், கீல் போலச் சுழலும் ஹிஞ்ச் ஜாயின்ட்டும் இதே ஸ்ட்ரக்டைத்தான் பயன்படுத்துகிறது.

தானாக ஏறி இறங்கும் மதகுக்கு, எல்லையைத் தொட்டதும் வேகத்தின் குறியை மாற்று என்று எழுதினேன். பலகை உச்சியில் நின்று வெடவெடவென்று ஆடியது. இயற்பியல் நொடிக்கு 50 முறை ஓடுகிறது, அடுத்த 0.02 நொடியிலும் பலகை எல்லையிலேயே இருப்பதால் குறி மறுபடி மாறி, மறுபடி மாறி... மேல் எல்லை என்றால் வேகம் இந்தக் குறி, கீழ் எல்லை என்றால் அந்தக் குறி என்று நேரடியாக எழுதியதும் அடங்கியது.

எல்லாவற்றுக்கும் இதைப் போடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றைக் கடக்க ஒரு பரிசல் வைத்திருந்தேன், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரும். அதற்கும் முதலில் ஸ்லைடர்தான். ஆள் குதித்தால் தடுமாறும், சுவரில் சாய்ந்து தள்ளினால் நேரம் பிசகும். அதைக் கினமாட்டிக் ஆக்கி (விசைகளுக்கு அசையாமல் நிரல் சொன்னபடி மட்டும் நகரும்), மூவ்பொசிஷன் என்ற கட்டளை மூலம் நகர்த்தினேன், அதற்கப்புறம் தொந்தரவே இல்லை. எடைக்கும் தள்ளலுக்கும் வளைந்து கொடுக்க வேண்டிய பொருளுக்கு மட்டும் ஸ்லைடர். (கினமாட்டிக் ஆக்கிய பொருளை ஜாயின்ட்டால் அசைக்க முடியாது. இது தெரியாமல் ஒரு சாயங்காலம் போனது.)

கோடோ என்ற இன்னொரு கேம் மென்பொருளில் க்ரூவ் ஜாயின்ட் 2டி இருக்கிறதே என்று நண்பர் கேட்டார். அதுவும் காடிதான், ஆனால் பொருளைச் சுழலவிடும், மோட்டாரும் கிடையாது. என் மதகுக்கு ஒத்துவராது.

இப்போது கேமில் ஸ்லைடர் மாட்டியவை பதினொன்று மிச்சம். பதினொன்றிலும் ஆட்டோ டிக் ஒன்றுகூட இல்லை.