உருட்டா, அறுத்த சைஸா, பிளைவுட்டா? மரம் வாங்கும் கணக்கு

சேலத்தில் வீட்டு வேலைக்கு மரம் கேட்டுப் போனால் மூன்று விதமாக விலை சொல்வார்கள். உருட்டு மரத்துக்கு ஒரு கன அடி விலை, மில்லில் அறுத்து அடுக்கியிருக்கும் சைஸுக்கு இன்னொரு கன அடி விலை, பிளைவுட்டுக்குச் சதுர அடி விலை. விலையை மட்டும் கேட்டால் உருட்டுதான் மலிவு. அதை நம்பித்தான் ஏற்காட்டிலிருந்து இறங்கிய ஒரு சில்வர் ஓக் உருட்டை வாங்கினேன். காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கிறார்களே, மிளகுக் கொடி ஏறி நிற்குமே, அதே மரம்தான்.

உருட்டை அளக்கும்போது நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவார்கள். என் மரம் நடுவில் 48 அங்குலம், நீளம் 10 அடி. நாலில் ஒரு பங்கு 12 அங்குலம், அதாவது ஒரு அடி. ஆக 10 கன அடி. வட்டக் கணக்குப் போட்டால் அந்த மரத்தில் உண்மையில் 12.7 கன அடி இருக்கும். அட, லாபம்தானே என்று தோன்றும். ஆனால் நாலு பக்கமும் சீவிச் சதுரமாக்கி, ரம்பம் தின்னும் தூளும் போய், வெடிப்பும் முடிச்சும் ஒதுக்கியபின் எனக்குப் பலகையாகக் கிடைத்தது ஆறரை கன அடி.

வசதிக்காக உருட்டு கன அடி 600 ரூபாய், அறுப்புக் கூலி மொத்தம் 500 என்று வைத்துக்கொள்வோம். 6,500 ரூபாயை ஆறரையால் வகுத்தால், கைக்கு வந்த மரம் கன அடி 1,000. மில்லில் அறுத்த பலகை 900 என்றால் அதுதான் மலிவு. அதோடு பச்சை மரத்தை நிழலில் கட்டை வைத்து அடுக்கி, மாதக்கணக்கில் காயவிட வேண்டும்.

டேப் எங்கே சுற்றுகிறது என்பதையும் நின்று பாருங்கள். இதே மரம் அடிப்பக்கத்தில் 54, நுனியில் 42 அங்குலம். அடிப்பக்கத்தில் சுற்றினால் 10 கன அடி 12.66 ஆகிவிடும். சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால் ஓர் அங்குலம் கூடினாலே சுமார் 4 சதவீதம் ஏறும். பட்டையைச் செதுக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். வீடு முழுக்க ஒரே மரத்தில் வேண்டும், காயவிட இடமும் இருக்கிறது என்பவர்களுக்கு உருட்டு சரி.

ஒரு வாசல் நிலை, இரண்டு கதவு என்றால் அறுத்த சைஸ் போதும். அகலம், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஒரு நிலைக்கு 7 அடியில் இரண்டு, 4 அடியில் இரண்டு, மொத்தம் 22 அடி. 5-க்கு 3 சைஸில் 2.29 கன அடி. இழைத்த பிறகு முழுசாக 5-க்கு 3 நிற்க வேண்டுமானால் கால் அங்குலம் கூட்டி அறுத்ததை வாங்கணும், அப்போது 2.61 கன அடி. அளவு இழைப்புக்கு முன்பா பின்பா என்று ஆசாரியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிளைவுட் கணக்கு எளிது என்பார்கள், அதில்தான் நான் ஏமாந்திருப்பேன். ஒரு ஷீட் 8-க்கு 4, அதாவது 32 சதுர அடி. 6 அடி உயரம், 3 அடி அகலம், ஓரடி ஆழத்தில் ஐந்து தட்டுள்ள புத்தக அலமாரிக்குப் பக்கவாட்டு 12, தட்டுகள் 15, மொத்தம் 27 சதுர அடி. ஒரே ஷீட்டில் முடிந்துவிடும் போலிருக்கும். ஷீட்டை ஓரடி அகலத்தில் நாலு நீளப் பட்டையாக அறுத்தால், இரண்டு பட்டை பக்கவாட்டுக்குப் போய்விடும், மற்ற இரண்டில் நாலு தட்டுதான் வரும். கையில் மிஞ்சுவதெல்லாம் இரண்டடித் துண்டுகள். ஷீட்டின் ஒரு முனையில் இரண்டடியை முதலில் குறுக்கே வெட்டி எடுத்தால் ஐந்தாவது தட்டும் வரும், ஆனால் அதில் ரேகை குறுக்கே ஓடும். மேலே மைக்கா ஒட்டினால் அது வெளியே தெரியாது. வாங்கும் முன் ஒரு தாளில் ஷீட்டை வரைந்து வெட்டிப் பாருங்கள்.

நான் மைக்கா ஒட்டவில்லை. ஐந்தாவது தட்டுக்கு மிச்சமிருந்த சில்வர் ஓக்கில் ஆறங்குலப் பலகை இரண்டை ஒட்டிச் சேர்த்தேன். கால் கன அடி மரம் ஆனது.