ஆம்பூர் ஷூவுக்கு டேக் சரி, ஆரணிப் புடவைக்கு?

பள்ளிகொண்டா டோல்கேட்டில் கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாகைப் படிக்கும் அதே வேலைதான் இப்போது ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளின் பேக்கிங் செக்‌ஷனிலும் நடக்கிறது. லேபிளுக்குள் மணல் பருக்கை அளவில் ஒரு சிப், அதைச் சுற்றி அலுமினியத்தில் கோலம் போட்ட மாதிரி ஆன்டெனா. இதைத்தான் ஆர்எஃப்ஐடி டேக் என்கிறார்கள். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலேயே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும். ஃபாஸ்டாகுக்கும் இதற்கும் நம் நாட்டில் ஒரே அலைவரிசை: 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது.

ஷூ பேக்கிங்கில் நான் பதினோரு வருஷம் இருந்தவன் என்பதால் ஆரணியில் புடவைக் கடை வைத்திருக்கும் என் மச்சான் கேட்டான்: "பார்கோடைத் தூக்கிட்டு ஆர்எஃப்ஐடிக்கு மாறிடலாமா மச்சான்?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

பில் போடுவதற்கு என்றால் பார்கோடே போதும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலாக ஸ்கேன் செய்தார்கள். அன்றிலிருந்து கல்லாவில் அதன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டிக்கருக்குச் சில பைசா, ஸ்கேனருக்குச் சில ஆயிரம். சிக்கல் சரக்கை எண்ணும்போதுதான் வரும். கடைகளில் வழக்கமாகப் போடும் பார்கோடு "இன்ன மாடல், இன்ன சைஸ்" என்று மட்டும்தான் சொல்லும். ஒரே மாடலில் 42 சைஸ் நூறு ஜோடி இருந்தால் நூறுக்கும் ஒரே எண். ஒரே பெட்டியைத் தெரியாமல் இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் கணக்கில் இரண்டு ஜோடி ஏறிவிடும். டேகில் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி எண். எத்தனை தடவை படித்தாலும் ஒன்று ஒன்றுதான். பெட்டியைப் பிரிக்கவும் வேண்டாம்.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஒரு ஷிப்மென்ட் நாளில் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு ஜோடி கொண்ட கார்ட்டன் ரீடர் வழியாகப் போனது. திரையில் 11. பிரித்து எண்ணினால் 12. மறுபடி விட்டால் மறுபடி 11. லாரி வாசலில் நிற்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார். பேக்கிங்கில் இருந்த ஓர் அக்காதான் கண்டுபிடித்தார்: "அண்ணே, இந்த ஒரு டப்பாவுல மட்டும் ஸ்டிக்கர் அடிப்பக்கம் ஒட்டியிருக்கு பாருங்க." அந்த ஷூவின் அடியில், தோலுக்கும் சோலுக்கும் நடுவே, ஷாங்க் என்று ஓர் இரும்புப் பட்டை இருக்கும். டேக் சரியாக அதற்கு நேர் கீழே மாட்டியிருந்தது. இரும்பு பக்கத்தில் இருந்தால் டேகின் வாய் அடைத்துவிடும். ஸ்டிக்கரைப் பக்கவாட்டில் மாற்றி ஒட்டியதும் 12 வந்தது. அடுத்த கார்ட்டனில் 13! பக்கத்து டிராலியில் நின்ற பெட்டியையும் சேர்த்துப் படித்துவிட்டது. டிராலிகளைத் தள்ளி நிறுத்திய பிறகுதான் கணக்கு நின்றது. இன்னொன்று, டேக் டப்பாவில் இருந்தால் காலி டப்பாவையும் ஒரு ஜோடி என்றுதான் எண்ணும். அதை எந்த ரீடரும் பிடிக்காது.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. டேக் ஒட்டும் செலவும் தலைவலியும் இங்கே, அதனால் வரும் சுகம் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடையில். வால்மார்ட் 2003-லேயே பெரிய சப்ளையர்களிடம் 2005-க்குள் கார்ட்டன்களுக்கும், அவற்றை அடுக்கும் பலகைகளான பேலட்டுகளுக்கும் டேக் கேட்டது. அப்போது டேக் விலை கட்டுப்படியாகாமல் வேகம் குறைந்தது. இப்போது துணியிலும் செருப்பிலும் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்கிறார்கள். விளையாட்டுப் பொருள் விற்கும் டெகத்லான் கடையில் கூடைப் பொருளை மொத்தமாகத் தொட்டியில் போட்டால் பில் தானே வருகிறது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கேட்டால் நாம் ஒட்டித்தான் ஆக வேண்டும், அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை.

க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களுக்காக வந்தது. போனிலேயே படிக்கலாம், நிறைய விவரம் அடங்கும். ஆனால் அதையும் ஒவ்வொன்றாகக் காட்டத்தான் வேண்டும். வேலூர் லாங் பஜார் மளிகைக் கடைக்கு டேகே வேண்டாம். எண்ணெய் டின் உலோகம், தண்ணீர் பாட்டில் அலையைக் குடித்துவிடும், லாபமோ பாக்கெட்டுக்கு ஒன்றிரண்டு ரூபாய்.

சரி, ஆரணிக்கு வருவோம். மச்சான் கடையில் ஒவ்வொரு பட்டுப் புடவையும் தனி ரகம், தனி விலை. வருஷக் கணக்கெடுப்புக்கு மூன்று நாள் ஷட்டரை இறக்குகிறான். ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் புடவைக்குச் சில ரூபாய் டேக் பாரமில்லை. கையில் பிடிக்கும் ரீடர்தான் பெரிய செலவு. இருநூறு ரூபாய் காட்டன் அடுக்குக்கு இதெல்லாம் வீண். பார்கோடைத் தூக்கவும் தேவையில்லை. டேக் லேபிளின் மேலேயே பார்கோடையும் அச்சடிக்கலாம், கல்லாவில் பழையபடி பில் போடலாம்.

பயம் ஒன்றுதான்: ஜரிகையும் உலோகம். மடிப்புக்குள் சொருகினால் எங்கள் ஷாங்க் கதைதான். நூலில் கட்டி வெளியே தொங்கவிடச் சொன்னேன். ஒரே ஒரு அலமாரியில் போட்டுப் பார்க்கப் போகிறான். அகல பார்டர் புடவைகள் நெருக்கி அடுக்கிய அலமாரியையே எடு என்று சொல்லியிருக்கிறேன்.