பதினைந்து நாள் கேம்ப்பா, டர்ஃபா, ஹேண்ட்பால் கோர்ட்டா?

மாவட்டத்தில் கலக்கும் பையன்கள் தேசிய ஃபுட்சல் (அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து) போட்டிக்குப் போனதும் லீக் சுற்றோடு ஊர் திரும்புவதற்குத் திறமைக் குறைவு பெரும்பாலும் காரணமில்லை. பந்தும் தரையும் கடிகாரமும் அவர்களுக்குப் புதிது, அவ்வளவுதான். தமிழ்நாட்டு மாவட்டங்களில் இளையோர் அணியைத் தயார்செய்ய மூன்று வழிகள் கைவசம் இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல.

அதிகம் நடப்பது முதல் வழி: லெவன்ஸ் (பதினொருவர் கால்பந்து) ஆடுபவர்களில் நல்லவர்களைப் பொறுக்கி, போட்டிக்கு முன் பதினைந்து நாள் கேம்ப். ஓட்டமும் ஷாட்டும் தயாராகவே இருக்கும். அடி விழுவது ஃபவுல் கணக்கில். லெவன்ஸில் நடு மைதானத்தில் சறுக்கித் தட்டினால் ஒரு ஃப்ரீ கிக்கோடு முடிந்துவிடும். ஃபுட்சலில் ஒவ்வொரு பாதியிலும் அணியின் நேரடி ஃப்ரீ கிக் தரும் ஃபவுல்கள் எண்ணப்படும். ஆறாவதிலிருந்து தடுக்க ஆட்கள் நிற்கும் சுவரே கிடையாது. 10 மீட்டர் புள்ளியிலிருந்து கோல்கீப்பரை மட்டும் பார்த்து அடிக்கலாம். பாதி நேரம் முடியும் முன்பே ஐந்தை நிரப்பிவிட்ட அணி, அப்புறம் காலை நீட்டவே பயந்து ஒதுங்கி நிற்கும்.

இன்னொன்று முதல் டச். பாதத்தின் உட்பக்கத்தால் வாங்கும் பந்து ஒரு மீட்டர் ஓடும். 20 மீட்டர் அகலத்தில் அந்த ஒரு மீட்டர் எதிரிக்குச் சொந்தம். உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்தும் பழக்கம் பதினைந்து நாளில் ஒட்டாது. கேம்ப் மட்டும்தான் சாத்தியம் என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை நிறுத்திவிட்டு, கிக்-இன் (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் காலால் உள்ளே அடிப்பது), கார்னர், பந்தை ஆட்டத்தில் விடக் கிடைக்கும் நான்கு விநாடி எண்ணிக்கை, ஆள் மாற்றம் ஆகியவற்றில் நேரத்தைப் போடுங்கள். அவை ஒட்டும்.

இரண்டாவது வழி டர்ஃப், அதாவது வாடகைக்குக் கிடைக்கும் செயற்கைப் புல் மைதானம். இப்போது சின்ன ஊர்களிலும் உண்டு. இரவிலும் ஆடலாம், எதிரணிக்குப் பஞ்சமில்லை. ஒருவனுக்கு ஒருவன் மோதும் தைரியம் அங்கேதான் வரும். ஆனால் பல இடங்களில் சுற்றிக் கட்டிய வலையில் பட்டுத் திரும்பும் பந்தையும் ஆடிக்கொண்டே போகிறார்கள். வெளியே போகாத பந்துக்கு எவன் கிக்-இன் பழகுவான்? பந்தும் பெரும்பாலும் ஐந்தாம் நம்பர், லெவன்ஸ் அளவு. செயற்கைப் புல் பந்தைப் பிடித்து இழுப்பதால் பாஸை ஓங்கி அடித்துப் பழகியவன், கெட்டித் தரையில் அதே வேகத்தில் அடித்தால் பந்து கோட்டைத் தாண்டிவிடும். வாரம் ஒரு நாள் போதும். அன்றும் வலைக்கு ஒரு மீட்டர் உள்ளே டேப் ஒட்டி, அதையே கோடாக வையுங்கள்.

மூன்றாவது வழி பலர் கண்முன்னேயே கிடக்கிறது. ஹேண்ட்பால் கோர்ட் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோல் முன் 6 மீட்டர் வளைவு. ஃபுட்சலுக்கும் இதே அளவுகள் பொருந்தும். 6 மீட்டர், 10 மீட்டர் புள்ளிகளையும் ஆள் மாற்றும் இடத்தையும் சாக்பீஸால் போட்டால் மைதானம் தயார். கூடைப்பந்து கோர்ட் 15 மீட்டர் அகலம்தான். ஃபுட்சல் விதி கேட்கும் குறைந்தபட்ச 16 மீட்டருக்கே வராது. மூன்றுக்கு மூன்று பயிற்சிக்கு ஆகும், மேட்ச்சுக்கு ஆகாது.

பந்து வாங்குவதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஃபுட்சல் பந்தும் நான்காம் நம்பர்தான்; அந்த நம்பரைச் சொல்லி, அதிகம் துள்ளும் சிறுவர் கால்பந்தைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். கடையிலேயே சோதிக்கலாம்: 2 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். முதல் துள்ளல் 50 முதல் 65 செ.மீ.க்குள் நின்றால் அது ஃபுட்சல் பந்து. இடுப்பைத் தொட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடை 400 முதல் 440 கிராம். பன்னிரண்டு பேருக்கு ஆறு பந்தாவது வேண்டும்.

சிமென்ட் தரையில் மணல் தூசிதான் எதிரி. ஆரம்பிக்கும் முன் பெருக்கி, கோட்டோரம் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். உள்ளே நுழையும்போதெல்லாம் ஷூவைத் துடைத்துக்கொள்ளட்டும். அடிப்பாகம் தட்டையான ரப்பர் ஷூதான். கெட்டித் தரை முழங்காலைத் தின்னும் என்பதால் இங்கே வாரம் இரண்டு நாள், 75 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கோல்கீப்பரைத் தேடி அலைய வேண்டாம். பள்ளியின் ஹேண்ட்பால் கோல்கீப்பரைக் கூப்பிடுங்கள். அதே 3க்கு 2 கோலைக் காலாலும் உடம்பாலும் அடைக்க அவனுக்குத் தெரியும், கையால் தூர எறியவும் வரும். லெவன்ஸ் கீப்பரின் டைவ், 6 மீட்டரிலிருந்து வரும் அடிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஹேண்ட்பால் பையனுக்குக் கற்றுத்தர வேண்டியது: சொந்தப் பாதியில் பந்தை நான்கு விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கொடுத்த பந்தை எதிரி தொடாமல் அங்கே மறுபடி வாங்கவும் கூடாது.

இந்த வழிக்கும் ஒரு ஓட்டை உண்டு: அதே பத்துப் பேர் தங்களுக்குள்ளேயே ஆடிச் சலித்துப்போவார்கள். பக்கத்துப் பள்ளிகள் நான்கைச் சேர்த்துச் சனிக்கிழமை லீக் நடத்தினால் அடைபடும். பந்து நிற்கும்போதெல்லாம் கடிகாரத்தையும் நிறுத்த ஒருவர், ஒவ்வொரு பாதியின் ஃபவுலையும் எழுத ஒருவர் போதும்.

மூன்று மாதம் கையில் இருந்தால் எங்கள் பரிந்துரை: ஹேண்ட்பால் கோர்ட் இரண்டு நாள், டர்ஃப் ஒரு நாள், சனிக்கிழமை லீக்; கேம்ப் கடைசி வாரத்தில் மட்டும். 14 பேரில் இரண்டு கீப்பர் போக மீதி 12 பேரை நால்வர் கூட்டணிகளாக மூன்றாகப் பிரித்தே தேர்வு செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நால்வரும் சேர்ந்து மாறட்டும். வெளியே வருபவன் கோட்டைத் தாண்டும் முன் மாற்றாள் உள்ளே கால் வைத்தால் மஞ்சள் அட்டை, அதையும் பழக்குங்கள். போட்டி மரத்தரை உள்ளரங்கில் என்றால், கிளம்பும் முன் இரண்டு நாளாவது மரத்தரையில் ஆடவிடுங்கள். சிமென்ட்டில் பழகிய கால் அங்கே வேறு மாதிரி பிடிக்கும்.