மாடி அறையா, அம்மா வீடா, அதே அறையா: புதிதாக வந்த பாம்பை எங்கே வைப்பது?

போன மாதம் கீழக்கரையிலிருந்து ஒரு பால் பைத்தான் (ball python) எங்கள் வீட்டுக்கு வந்தது. மலைப்பாம்பு வகைதான். பயந்தால் பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். அதை வளர்த்த காக்கா (கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) குடும்பத்தோடு துபாய்க்குக் குடிபோகிறார். தலையணை உறைக்குள் இருந்த பாம்பை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆறு வருசமா வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்துச்சு தம்பி. ஒரு நோய்நொடி கிடையாது. யோசிக்காம உங்க பாம்புக்குப் பக்கத்துலயே வச்சுக்கங்க" என்றார். அவர் மனதறிந்து பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் நான் அப்படி வைக்கவில்லை.

விஷயத்துக்குப் போகும் முன் ஒன்று. இங்கே பேசுவது வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டும்தான். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையை முடித்த பிறகுதான் கீழக்கரைக்கு வண்டியை எடுத்தேன்.

என்னிடம் ஏற்கெனவே கார்ன் ஸ்னேக் என்கிற அமெரிக்கப் பாம்பு ஒன்று இருக்கிறது. கேள்வியே அதனால்தான் வருகிறது. வீட்டில் வேறு பாம்போ பல்லி, ஆமை வகையோ இல்லாதவருக்கு இந்தக் குழப்பம் பாதிகூடக் கிடையாது. பெட்டியில் வெறும் காகிதம் விரித்து, ஒரு வாரம் கையில் எடுக்காமல் கவனித்தால் அவருக்குப் போதும். முன்பே ஒன்று இருப்பவருக்குத்தான் வழிகளை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊர்க்காரனான எனக்குக் 'குவாரண்டைன்' என்ற சொல் புதிதில்லை. மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையமே இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களோடு காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று, கப்பல் ஏற்றும் முன் இலங்கை அரசு அவர்களைச் சில நாள் நிறுத்திவைத்த இடம் அது. அங்கே மனிதர்கள் பட்ட அவமானம் தனியாகப் பேச வேண்டியது. அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த கணக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: பார்வைக்கு நன்றாக இருந்தவர்களையும்தான் நிறுத்திவைத்தார்கள். நோய் வெளியே தெரிகிறவரைப் பிரிக்க முகாம் எதற்கு, கண் போதுமே.

பாம்புக்கும் அதே கணக்குதான். காக்கா சொன்ன "நோய்நொடி கிடையாது" என்பதற்கு "நான் எதையும் பார்க்கவில்லை" என்றுதான் பொருள். மலைப்பாம்பு வகைகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோ வைரஸைச் சில பாம்புகள் மூக்கு ஒழுகாமல், வாய் திறந்து மூச்சு வாங்காமல் மாதக்கணக்கில் சுமந்து திரியும். போவா பாம்புகள் இன்க்ளூஷன் பாடி நோயை வெளியே காட்டாமலே வைத்திருக்கும். அது மலைப்பாம்புக்குத் தொற்றினால் சீக்கிரமே நரம்பைப் பிடித்துவிடும். கிரிப்டோ என்கிற இரைப்பைக் கிருமி தின்றதைக் கக்கவைத்து நடுவயிற்றை வீங்கவைக்கும். வீட்டில் இருக்கும் பிளீச்சிங் கரைசலுக்கெல்லாம் அது சாகாது.

ஆனாலும் நேராகப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்கிற கட்சிக்கும் நியாயம் உண்டு. ஆறு வருடம் ஒரே வீட்டில் தனியாக இருந்த பாம்பும், பத்துப் பெட்டிகளுக்கு நடுவே கடையில் கிடந்த பாம்பும் ஒன்றில்லை. நானும் கொஞ்சம் அசைந்துகொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "இடையில் வேறு பாம்பு எதுவும் வீட்டுக்கு வந்ததா காக்கா?" என்று சும்மா கேட்டுவைத்தேன். "ஆமா, ஒரு பையன் லீவுக்கு ஊருக்குப் போனப்ப அவன் போவாவை ரெண்டு வாரம் இங்க விட்டுட்டுப் போனான்" என்றார். அத்தோடு முதல் வழி அடைபட்டது.

அடுத்தது பலரும் செய்வது: அதே அறை, வேறு பெட்டி. எனக்கு இருப்பதிலேயே பிடிக்காத வழி இதுதான். நேராகப் பக்கத்தில் வைக்கிறவருக்காவது தான் துணிந்து ஒன்றைச் செய்கிறோம் என்று தெரியும். இவருக்குப் 'பிரித்துத்தானே வைத்திருக்கிறோம்' என்ற நிம்மதி வந்துவிடுகிறது. நான்கு வருடம் முன்பு அந்த நிம்மதி எனக்கும் இருந்தது. இரண்டாவதாக ஒரு கார்ன் ஸ்னேக் குட்டியை வாங்கி, பழையதற்கு நான்கடி தள்ளி வைத்தேன். பதினேழாம் நாள் காலையில் பழைய பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது. வெயில் புழுக்கம் போல என்று நினைத்துத் தூக்கினேன். கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தாடைக்கு அடியில் இருக்கும் பள்ளத்திலும் கண்ணைச் சுற்றிய விளிம்பிலும் அதே புள்ளிகள், நகர்ந்துகொண்டு. மைட் என்கிற செள்ளு. பாம்பின் ரத்தத்தைக் குடிக்கும். முட்டையைப் பாம்பின்மேல் இடாது, பெட்டியின் இடுக்கில், மூடி விளிம்பில், அலமாரிப் பலகையின் வெடிப்பில் கொண்டுபோய் இடும். வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். நம் கடற்கரையில் அந்த இரண்டுக்கும் பஞ்சமா என்ன?

நான்கடி அதற்கு ஒரு தூரமே இல்லை. இன்னும் சொன்னால் அது நடந்துகூட வந்திருக்க வேண்டாம்; என் சட்டைக் கையில் ஏறி வந்திருக்கும். வீட்டைச் சுத்தமாக்க மூன்று மாதம் ஆயிற்று. பழையது பிழைத்தது. குட்டி ரத்தம் வற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இறந்தது. விரல் தடிமன்தான் இருக்கும். இதை எழுதும்போதும் அந்தக் கனம் கையில் இருக்கிறது.

"பரிசோதனை செய்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி சரி. மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால் குடற்புழு முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார். வைரஸுக்கு வாயில் துடைத்தெடுத்த மாதிரியை பி.சி.ஆர். செய்யலாம். ஆனால் வைரஸ் தினமும் ஒரே அளவில் வெளியே வராது. ஒரு முறை 'இல்லை' என்று வந்தால் அன்றைக்கு அகப்படவில்லை என்பது மட்டும்தான் உறுதி. காத்திருக்கும் நாட்களுக்குள் பரிசோதனையையும் செய்துகொள்ளலாம், காத்திருப்புக்குப் பதிலாக அல்ல.

மிஞ்சியவை இரண்டு: வேதாளையில் இருக்கும் அம்மா வீடு, எங்கள் வீட்டு மாடி அறை.

தூரத்தை வைத்துப் பார்த்தால் அம்மா வீட்டை அடித்துக்கொள்ள முடியாது. செள்ளு, காற்று, என் கை எதுவும் அத்தனை தூரம் தானாகப் போகாது. அம்மாவும் மறுக்கவில்லை. "மூடியில பூட்டு இருக்குல்ல, கொண்டாந்து வையி" என்று சொல்லிவிட்டார். தடுத்தது வேறு. அம்மா தினமும் பினாயில் ஊற்றி வீடு துடைப்பவர். பினாயில் வகைக் கிருமிநாசினி பாம்புக்கு விஷம். அலமாரிக்கு அலமாரி அந்துருண்டை, சாயங்காலமானால் கொசுவர்த்தி. அறுபத்தெட்டு வயதில் அவருடைய பழக்கம் அத்தனையையும் ஒரு பாம்புக்காக மாற்றச் சொல்வது நியாயமில்லை. அதைவிடப் பெரியது, நான் வாரத்துக்கு இரண்டு முறைதான் போக முடியும். மூச்சில் லேசாக ஒரு விசில் சத்தம், தாடையோரம் ஒரு துளி சளி, இதெல்லாம் தினம் பார்க்கிற கண்ணுக்குத்தான் தட்டுப்படும். அங்கே என் பழைய பாம்பு பத்திரம், புதியதோ அநாதை.

அதனால் மாடி அறை. வெளிப்படிக்கட்டு வழியாகத்தான் ஏற முடியும், கீழ் அறையோடு காற்றுத் தொடர்பு கிடையாது. இப்போது வாடைக்காற்று, மாடி ஜன்னல் தென்மேற்கே திறப்பதால் காற்று வீட்டுக்குள் திரும்பாமல் வெளியே போகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) தொடங்கியிருந்தால் வேறு அறையைத்தான் பார்த்திருப்பேன்.

அறை எதுவானாலும் காரியம் ஒழுங்கில்தான் இருக்கிறது. காலையில் முதலில் கீழே பழைய பாம்பின் வேலை, கடைசியாக மாடி. மாடியில் கை வைத்துவிட்டால் குளித்து, சட்டை மாற்றும்வரை கீழ் அறைக்குள் கால் வைப்பதில்லை. இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் மாடிக்கென்று தனி. பெட்டியில் வெள்ளை டிஷ்யூ காகிதம், ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப் பெட்டி, தண்ணீர், வேறொன்றும் கிடையாது. மரத்தூளும் தேங்காய் நாரும் போட்டால் அழகாக இருக்கும், ஆனால் செள்ளு கண்ணில் படாது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு புள்ளி வந்தாலும் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் அந்தக் காகிதம் சீக்கிரம் நமத்துப்போகிறது என்பது இந்தக் கரையில் ஒரு தொல்லை. ஈரத்தின் மேலேயே கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும், அதனால் தினம் மாற்றுகிறேன். ஒரு சௌகரியமும் உண்டு. சூடான பக்கம் 31, 32 டிகிரி கேட்கும் பாம்புக்கு, ஜனவரி ராத்திரியில்கூட அவ்வளவாகக் குளிராத ஊரில் சின்ன ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் போதும். இரண்டாவது அறைக்குக் கரன்ட் பில் எகிறவில்லை.

எத்தனை நாள் என்பதில்தான் சண்டையே. முப்பது நாள் போதும் என்பவர்கள் செள்ளை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறார்கள்; அதற்கு அது சரிதான். ஆனால் பெரிய பால் பைத்தான் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாப்பிடும், இடம் மாறினால் வாரக்கணக்கில் தொடாது. முப்பது நாளில் நமக்குக் கிடைப்பது ஒரு மலம், மிஞ்சினால் இரண்டு. அதை வைத்துக் குடலைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? தொண்ணூறு நாள் இருந்தால் பல தடவை சாப்பிடுவதையும், ஒரு முறையாவது சட்டை உரிப்பதையும், எடை போகும் போக்கையும் பார்த்துவிடலாம். நடுவில் செள்ளோ சளியோ தெரிந்தால், அது முழுதாகத் தீர்ந்த நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடியும் ஒன்று. அப்படித் தெரிந்துவிட்டால் நாய்க்கு அடிக்கும் ஸ்பிரேயையும் ஐவர்மெக்டின் என்கிற ஒட்டுண்ணி மருந்தையும் உங்கள் இஷ்டத்துக்குத் தொடாதீர்கள். அளவு பிசகினால் செள்ளுக்கு முன் பாம்பு போய்விடும். ஆமைக்கோ ஐவர்மெக்டின் எமன்.

தொண்ணூறு நாள் கழிந்தாலும் சால்மோனெல்லா மட்டும் போகாது. ஊர்வனவற்றின் குடலில் அது சாதாரணமாகவே இருக்கும். எந்த வீட்டிலும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கண்டிப்பாக, பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது என்றைக்குமான வேலை. பாம்புக் கிண்ணத்தைச் சமையல் தொட்டியில் கழுவவே கூடாது.

இன்று முப்பத்து நான்காம் நாள். முதல் இரண்டு முறை எலியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. எடை இறங்காததால் நானும் வற்புறுத்தவில்லை. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எடுத்துக்கொண்டது. இன்று காலை எடை 1,340 கிராம். ஈரமான வெள்ளைக் காகிதத்தால் உடம்பு முழுக்க ஒருமுறை துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. மத்தியானம் துபாயிலிருந்து காக்கா வீடியோவில் வந்தார். "இன்னும் தனியாவா கிடக்கு தம்பி?" என்று கேட்டார், குரலில் கொஞ்சம் வருத்தம். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, அது அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டும்வரை காத்திருந்து காட்டினேன்.

"இன்னும் அம்பத்தாறு நாள் இருக்கு காக்கா."