அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியத்தின் விபத்து ஆய்வுகள்: பயன்படுத்திப் பார்த்தவரின் மதிப்பீடு

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கென்று விற்கப்படும் சுவரொட்டிகளுக்கும் காணொளித் தொகுப்புகளுக்கும் கட்டணப் பாடத்திட்டங்களுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஹெல்மெட் அணியச் சொல்வதோடும் கையுறையின் பெருமை பேசுவதோடும் நின்றுவிடுகின்றன. நடந்த ஒரு விபத்தை அடிவேர் வரை தோண்டிப் பார்த்து, அது இன்னோர் ஆலையில் மீண்டும் நடக்காமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும் பாடம் வேண்டுமென்றால், அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் இலவசமாக வெளியிடும் விசாரணை அறிக்கைகளுக்கும், அவற்றையொட்டித் தயாரிக்கப்படும் அசைவூட்டக் காணொளிகளுக்கும் ஈடாக எதையும் நான் கண்டதில்லை. வேதியியல் ஆலையொன்றில் ஷிப்ட் பணியாளர்களுக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் பயிற்சி நடத்தும் பொறுப்பில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இவற்றைப் பயன்படுத்தி வருகிறேன். இவற்றின் நிறைகுறைகளையும், நம் ஆலைகளுக்கு இவை எந்த அளவு பொருந்தும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வாரியத்தை அமைக்க வகைசெய்தது 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம்; அது பணியைத் தொடங்கியது 1998இல். விமான விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தை முன்மாதிரியாகக் கொண்ட தன்னாட்சி அமைப்பு இது. அபராதம் விதிக்கவோ ஆலையை மூடவோ இதற்கு அதிகாரமில்லை. காரணத்தைக் கண்டறிந்து பரிந்துரை எழுதுவதோடு இதன் வேலை முடிகிறது. வாரியத்தின் முடிவுகளை இழப்பீட்டு வழக்குகளில் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் சட்டமே சொல்லிவிட்டது. இந்த ஒரு விதியின் மதிப்பு, விபத்து நடந்த மறுநாள் ஓர் ஆலைக்குள் நின்றவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். நம்மிடம் முதலில் வருவது முதல் தகவல் அறிக்கை. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக மேலாளர் மீதோ போர்மன் மீதோ வழக்குப் பதிவாகிறது. அந்த நொடியிலிருந்து, உண்மை தெரிந்த ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டிப்பதற்கான விசாரணையையும் தடுப்பதற்கான விசாரணையையும் ஒரே மேசையில் நடத்தினால் இரண்டாவது செத்துப்போகும் என்பதே என் அனுபவம்.

அந்தச் சட்டத் திருத்தத்தின் பின்னே இருந்த உந்துதல்களில் 1984ஆம் ஆண்டு போபால் பேரழிவும் ஒன்று. அங்கே தன்னாட்சி விசாரணை அமைப்பு பிறந்தது; இங்கே 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அந்த அத்தியாயம் பயனுள்ளதாகத்தான் இருந்தது. ஆனால் விபத்தின் காரணத்தை ஆராய ஆள் நியமிப்பதும், கிடைத்த அறிக்கையை வெளியிடுவதும் அச்சட்டத்தின் 90ஆம் பிரிவில் மாநில அரசின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தன. ஆகவே, சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம் என்ற ஒற்றை வரிச் செய்தியோடு பொதுமக்களுக்குக் கிடைக்கும் பாடம் முடிந்துவிடுகிறது. அன்று அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், கூடுதலாக ஆட்கள் அங்கே வந்தது எப்படி என்பதையெல்லாம் அடுத்த ஆலைக்காரர் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வாரியத்தின் வெளியீடுகளில் முதலில் பார்க்கவேண்டியது டெக்சாஸ் சிட்டி விபத்து பற்றியது. 2005 மார்ச் 23 அன்று, பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பழுதுபார்ப்பு முடிந்து, திரவக் கலவையைப் பிரிக்கும் ஒரு கோபுரத்தை மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். 170 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் அடியில் ஆறரை அடி அளவுக்கு இருக்கவேண்டிய திரவம் 158 அடி வரை ஏறிவிட்டது. கன்ட்ரோல் ரூம் திரையோ ஒன்பது அடிக்கும் குறைவாக, அதுவும் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நிரம்பி வழிந்த ஹைட்ரோகார்பன் (எரியக்கூடிய எண்ணெய்த் திரவம்), மிஞ்சும் வாயுவைப் பாதுகாப்பாக எரித்துவிடும் ஃபிளேருடன் இணைக்கப்படாத ஒரு பழைய வெளியேற்றுக் கலத்தின் புகைபோக்கி வழியாகத் திறந்தவெளியில் பீறிட்டது. பக்கத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் பிக்கப் வண்டியால் ஆவி தீப்பற்றியிருக்கக்கூடும் என்று அறிக்கை கருதுகிறது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள்.

சாதாரண விசாரணையாக இருந்தால், ஆபரேட்டர் அளவுக்கு மீறி நிரப்பினார், செயல்முறை விதியை மீறினார் என்று எழுதிக் கையொப்பமிட்டு முடித்திருப்பார்கள். முந்நூறு பக்கங்களைத் தாண்டும் இந்த அறிக்கை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மட்டங்காட்டியின் அளவீட்டுத் திருத்தம் தவறாக இருந்தது. தனியாக இருந்த உயர்மட்ட எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. கோபுரத்துக்குள் எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்ற இரு அளவுகளும் கணினியில் வெவ்வேறு திரைகளில் இருந்ததால், உள்ளே போவது மட்டும் நடந்து வெளியே எதுவும் வராததை ஒரே பார்வையில் பிடிக்க முடியவில்லை. இரவு ஷிப்ட் லாக்புக்கில் எழுதிவைத்திருந்தது ஒரே ஒரு வரி. கோபுரம் எந்த அளவு நிரப்பப்பட்டது என்பது அதிலிருந்து விளங்காது. ஆட்குறைப்புக்குப் பிறகு அந்த ஆபரேட்டர் ஒருவரே மூன்று யூனிட்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவரைப் போன்றவர்கள் நாளொன்றுக்கு 12 மணி நேரமாக 29 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை பார்த்திருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் அதே கோபுரத்தை இயக்கத் தொடங்கிய பெரும்பாலான தடவைகளில் திரவம் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. ஒன்றும் ஆகாததால் அதுவே பழக்கமாகிவிட்டது. அதே புகைபோக்கியிலிருந்து எரியக்கூடிய ஆவி வெளிவந்த எட்டு நிகழ்வுகள் முந்தைய பத்தாண்டுகளில் நடந்திருந்தும் அவற்றிலிருந்து உருப்படியான மாற்றம் எதுவும் பிறக்கவில்லை.

எனக்கு மிகவும் உறைத்தது வேறொரு செய்தி. தனிநபர் காயங்களின் கணக்கைப் பார்த்தால், விபத்துக்கு முன்பு அந்த ஆலையின் பாதுகாப்பு மேம்பட்டு வருவதாகவே தோன்றியது. விரல் நசுங்குவதும் கால் இடறுவதும் குறைந்ததை வைத்து, கோபுரமும் குழாயும் நலமாக இருப்பதாக நிர்வாகம் நம்பிவிட்டது. வாயிற்கதவருகே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எண் மாற்றி எழுதும் பலகை நம் ஊரில் எத்தனை ஆலைகளில் தொங்குகிறது! அந்தப் பலகை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று நிர்வாகக் கூட்டங்களில் கேட்க எனக்குத் துணிவு தந்தது இந்த அறிக்கைதான்.

இறந்த 15 பேரும் கான்ட்ராக்ட் பணியாளர்கள். வேறொரு யூனிட்டின் பழுதுபார்ப்புக்காக வந்து, தற்காலிக அறை வண்டிகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். வெளியேற்றுக் கலத்துக்கு மிக அருகிலிருந்த வண்டிக்கும் அதற்கும் இடையே 121 அடிதான். கோபுரத்தை இயக்கத் தொடங்கும் செய்தியே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தீ எப்படிப் பிடித்தது என்ற கேள்விக்கு நிகராக, இத்தனை பேர் அந்த இடத்தில் ஏன் இருந்தார்கள் என்ற கேள்வியையும் வாரியம் விடாமல் கேட்டது. அதன் விளைவாகத்தான் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தற்காலிகக் கட்டடங்களை எங்கே வைக்கலாம் என்பதற்கு 2007இலும், பணியாளர் களைப்பு மேலாண்மைக்கு 2010இலும் தனித்தனி நெறிமுறைகளைக் கொண்டுவந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்ததை நினைத்துப் பாருங்கள். தொட்டி ஏன் உடைந்தது என்று எல்லோரும் பேசினோம். தொட்டியை ஒட்டிய இடம் உறங்குமிடமாக எப்படி ஆனது என்ற கேள்வியும் அதே எடை உடையது.

தொழிலாளர்களின் மனத்தை அதிகம் தொடுவது, அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில் 2005 நவம்பரில் நடந்த நைட்ரஜன் மூச்சுத்திணறல் பற்றிய சிறிய ஆய்வு. வினைகலம் ஒன்றைக் காக்க நைட்ரஜன் செலுத்தப்பட்டிருந்ததால், உள்ளே மூச்சுக்குத் தேவையான ஆக்சிஜன் இல்லை. அதன் திறப்பருகே வேலை பார்த்த இரண்டு கான்ட்ராக்ட் பணியாளர்களில் ஒருவர், உள்ளே கிடந்த ஒட்டு நாடாச் சுருள் ஒன்றை எடுக்க முயன்றபோது நினைவிழந்தார். அவரைக் காப்பாற்றப் போனவரும் இறந்தார். உள்ளே நைட்ரஜன் இருக்கிறது என்ற எச்சரிக்கை அந்தத் திறப்பில் இல்லை. இந்தக் காட்சியில் காணொளியை நிறுத்திவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று வகுப்பில் கேட்பது என் வழக்கம். மூத்த ஃபிட்டர் ஒருவர் எழுந்து, “டேப்புக்காக நான் இறங்க மாட்டேன் சார். கூட வேலை செய்றவன் விழுந்தா இறங்கத்தான் செய்வேன்” என்றார். வகுப்பே அவரோடு உடன்பட்டது. செப்டிக் டேங்கிலும் சாயக்கழிவுத் தொட்டியிலும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி மூன்று பேர், நான்கு பேர் இறக்கும் செய்திகளுக்குக் காரணம் அறியாமை மட்டும் என்று எண்ணுபவர்கள் அந்தப் பதிலைக் கேட்டிருக்க வேண்டும். இறங்காதே என்று சொல்வது அங்கே செல்லாது. கயிறும், விழுந்தவரை மேலே தூக்க உதவும் முக்காலித் தாங்கியும், சுவாசக் கருவியும் மேலேயே தயாராக இருந்தால்தான் அவர் இறங்காமல் இருப்பார்.

ஜார்ஜியா மாநிலத்துச் சர்க்கரை ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று நடந்த தூசி வெடிப்பு பற்றிய காணொளியையும் பரிந்துரைக்கிறேன். சர்க்கரையைச் சேமிக்கும் உயரமான சிலோக்களுக்கு அடியில் ஓடிய கன்வேயரைச் சுத்தத்துக்காக எஃகுத் தகடுகளால் மூடினார்கள். அதுவரை பரவிக் கலைந்த தூசி உள்ளேயே செறிந்தது. சூடேறிய பேரிங் ஒன்று பற்றவைத்திருக்கக்கூடும். முதல் வெடிப்பு, தளங்களிலும் உத்தரங்களிலும் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த சர்க்கரைத் தூளைக் கிளப்பிவிட, அடுத்தடுத்த வெடிப்புகளில் 14 பேர் இறந்தார்கள். சர்க்கரை வெடிக்குமா என்று சிரிப்பவர்கள் மாவு ஆலைக்காரர்களிலும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களிலும் இன்றும் உண்டு. அவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இனி குறைகள். முதலாவது மொழி. விளக்கவுரை நிதானமான, தெளிவான ஆங்கிலம்தான் என்றாலும், நம் தளத்தில் வேலை செய்பவருக்குத் தமிழோ இந்தியோ ஒடியாவோ தேவைப்படுகிறது. ஒலியை அடைத்துவிட்டு நானே பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். ஃபாரன்ஹீட்டையும் அடியையும் மாற்றிச் சொல்லவேண்டிய தொல்லையும் இதில் உண்டு. இரண்டாவது தாமதம். பிலடெல்பியா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2019 ஜூனில் அரித்துப்போன குழாய் உடைந்து நடந்த வெடிப்புக்கு இறுதி அறிக்கை 2022 அக்டோபரில்தான் வந்தது. மூன்று ஆண்டுகளில், அதே நிலையிலுள்ள குழாய் வேறெங்கோ அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். மூன்றாவது, காணொளிகளின் அழகு. வெடிப்புக் காட்சி அவ்வளவு நேர்த்தியாக இருப்பதால், சில வகுப்புகளில் அதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கலைந்து போகிறார்கள். அறிக்கையின் கடைசிப் பகுதியையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசாவிட்டால் காணொளியால் பயன் பாதிதான்.

இவற்றினும் பெரிய குறை, வாரியத்தின் எல்லையிலேயே இருக்கிறது. தற்செயலாக வேதிப்பொருள் வெளியேறிய பெரிய விபத்துகளை மட்டுமே அது ஆராய்கிறது. கோயம்புத்தூர்ப் பட்டறையில் பிரஸ்ஸில் விரலை இழப்பவருக்கும், கட்டுமானத் தளத்தில் சாரத்திலிருந்து விழுபவருக்கும், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மோதி அடிபடுபவருக்கும் இதில் நேரடிப் பாடம் இல்லை. வெடிக்காமல் தப்பிய நிகழ்வை, நாம் நியர் மிஸ் என்று பதிவேட்டில் எழுதி மறந்துவிடுவதை, எப்படி விசாரிப்பது என்றும் இது கற்றுத்தராது. அந்த வேலைக்கு அறிக்கைகளின் கட்டமைப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொண்டது அவர்களுடைய பரிந்துரை எழுதும் முறையை. ஒவ்வொரு பரிந்துரையும் பெயர் சொல்லி ஒரு நிறுவனத்துக்கோ அமைப்புக்கோ எழுதப்படுகிறது. அது நிறைவேறியதா, நிலுவையிலா, ஏற்கத்தக்க முறையில் முடிந்ததா என்பதை யாரும் வலைத்தளத்தில் பார்க்கலாம். நம் உள்விசாரணைப் படிவங்களில் நடவடிக்கை என்ற கட்டத்தில், ‘தொழிலாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது’, ‘டூல்பாக்ஸ் டாக் (வேலைக்கு முன் நடத்தும் சிறு பாதுகாப்புப் பேச்சு) நடத்தப்பட்டது’ என்று எழுதுவதே வழக்கம். இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே இயங்கும் பட்டன் பிரஸ்ஸுக்குப் பொருத்தப்பட்டதா, தொட்டித் திறப்புக்குப் பூட்டு போடப்பட்டதா, போட்டவர் யார், சரிபார்த்தது எந்தத் தேதியில் என்று கேட்கும் கட்டங்களாக அதை மாற்றியதும், முதல் சில மாதங்களுக்குத் துறைத்தலைவர்கள் படிவத்தையே திருப்பி அனுப்பினார்கள். பிறகு கேள்விகள் பழகிப்போயின.

புதிதாகத் தொடங்குகிறவர்கள், தொழிலாளர்களுக்கு நைட்ரஜன் காணொளியையும், ஷிப்ட் பொறியாளர்களுக்கு டெக்சாஸ் சிட்டியையும் முதலில் காட்டலாம். நிர்வாகத்தினருக்குக் காணொளியைவிட, அதே அறிக்கையில் காயக் கணக்கு பற்றிப் பேசும் பகுதி பயன்தரும். செலவு எதுவுமில்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். 2018ஆம் நிதியாண்டைப் போலவே 2026ஆம் நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் வரவுசெலவு முன்மொழிவும் இந்த வாரியத்தை மூடிவிடச் சொல்லியிருந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1.4 கோடி டாலரில் இயங்கும் அமைப்பு அது. ஆகவே உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் அறிக்கைகளையும் காணொளிகளையும் இப்போதே தரவிறக்கி, ஆலையின் சொந்தக் கணினியில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.