மாஸ்டர் பிளான் ஆட்சேபணை எழுதிக் கொடுத்த இ-சேவை கடை

பஸ் ஸ்டாண்ட் பின்னாடி சந்துல இருக்கிற சின்ன கடைங்க. எந்த நிலம் எதுக்குன்னு ஒதுக்குற எங்க ஊர் மாஸ்டர் பிளான் டிராஃப்ட்ல ரெண்டு போகம் விளையுற நஞ்சைய குடியிருப்புன்னு மேப்ல மஞ்சள் அடிச்சிருந்தாங்க, 1971 நகர் ஊரமைப்பு சட்டப்படி ஆட்சேபணை சொல்ல குறைஞ்சது 2 மாசம் டைம் தரணும், அதுல பாதி போனப்புறம்தான் எங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. முதல்ல போன ஒரு சென்டர்ல "இதெல்லாம் எங்க வேலை இல்ல"ன்னு அனுப்பிட்டாங்க, ரொம்ப வருத்தமா போச்சு.

இந்த கடைல இருந்த அக்கா பொறுமையா உக்காந்து ஒவ்வொருத்தர் சர்வே நம்பருக்கும் அ-பதிவேடு (நிலம் யாருது, என்ன வகைன்னு காட்டுற கிராமக் கணக்கு), எஃப்எம்பி ஸ்கெட்ச் (நிலத்தோட அளவு, எல்லை காட்டுற வரைபடம்) எடுத்துக் கொடுத்தாங்க. சும்மா "விவசாயத்த காப்பாத்துங்க"ன்னு எழுதாதீங்கண்ணே, எந்த ஏரிப் பாசனம், வாய்க்கா எங்க போகுது, எத்தனை போகம்னு எழுதுங்க, ஆளாளுக்கு தனித்தனியா கையெழுத்து போட்டு ரசீது வாங்குங்கன்னு சொன்னதும் அவங்கதான். காவிரி டெல்டாவுக்கு 2020ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டம் மாதிரி எங்க பக்கம் எதுவும் கிடையாது, அதனால இந்த பேப்பர்தாங்க எங்களுக்கு இருக்கிற ஒரே பிடி.

பிரிண்ட் தெளிவு, காசும் நியாயம். உக்கார இடம்தான் பத்தல, வயசானவங்க வெயில்ல நின்னாங்க. 5க்கு 4 ஸ்டார். ஆட்சேபணை போடுறவங்க காலைல சீக்கிரமே போயிருங்க.